கொலைகாரனின் குதிகால்

அந்தத் துப்பறியும் தொடரை இன்னும் மறுஒளிபரப்பு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் மறுபடி உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது என்றால் அது லேசுப்பட்ட தொடர் இல்லை. ஆனால் அதன் ரசிகர் யாரிடமாவது மலைமேல் டாக்டர் வீட்டுக் கதையைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். முகம் சுண்டிவிடும். சந்தேகப்படுவதற்கு வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, முதல் காட்சியில் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போன தபால்காரரைக் கடைசி ஐந்து நிமிடத்தில் இழுத்துவந்து, இவர்தான் கொலைகாரர் என்று நிறுத்தினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? மறுநாள் பேருந்திலும் அலுவலகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் அதே புலம்பல்தான். ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டவனைக் கடைசியில் முட்டாளாக்குவதைவிடப் பெரிய மோசடி கதை சொல்வதில் கிடையாது என்பது என் கட்சி.

ஊருக்கு அது ஒரு வாரத்து ஏமாற்றம். அடுத்த கதை நன்றாக வந்ததும் மறந்துவிட்டார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அந்தத் தபால்காரர் பார்சலைக் கொடுத்தோமா போனோமா என்று இல்லாமல், ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்டாட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தொலைக்காட்சி ஸ்டுடியோவில் அவளுக்குச் செருப்பக்கா என்று பெயர். வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கைகலப்பாகியிருக்கும். அவள் அதைச் சட்டை செய்ததே இல்லை. அவள் பிழைப்பே செருப்பில்தான் இருந்தது. தொடர் எடுக்கும்போது நடிகர்கள் பேசுவதுதான் பதிவாகும். அவர்கள் நடப்பது கேட்காது. கேட்டாலும் அட்டையால் கட்டிய மாளிகைக்குள் நடக்கிற சத்தமாகத்தான் கேட்கும். அதனால் படப்பிடிப்பெல்லாம் முடிந்து காட்சிகளை வெட்டி ஒட்டிய பிறகு, திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே யாராவது ஒருத்தர் அத்தனை பேருக்கும் நடந்துகொடுக்க வேண்டும். அந்தத் தொடரில் எசமானி நடந்தாலும் எடுபிடி நடந்தாலும், ஓடினாலும் பதுங்கினாலும், அது அவள் கால்தான்.

அவள் வேலை செய்த அறையின் சுவரெல்லாம் கனத்த துணி தொங்கும். தரையைக் கட்டம் கட்டமாகத் தடுத்து ஒன்றில் பலகையும் ஒன்றில் கருங்கல்லும் ஒன்றில் சரளையும் ஒன்றில் மணலும் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு பழைய கம்பளத் துண்டு. சுவரோரத் தட்டுகளில் செருப்பு, ஷூ, பூட்ஸ் என்று அடுக்கியிருக்கும். ஒன்றுகூடப் புதிது இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு மைக். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவர் பேசுவதைவிட உஷ் என்று சொல்வதுதான் அதிகம் என்பதால் அவருக்கு உஷ் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் குழந்தை பிறந்து முதல் முதலாக அழுதபோதும் அவர் உஷ் என்றாராம். நான் நம்புகிறேன்.

தொடரின் நாயகர் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ் அதிகாரி. அவருடைய இடது பூட்ஸ் கிறீச்சிடும். அவர் வருவது அரை மைல் முன்னாலேயே குற்றவாளிக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் தப்ப முடியாது. அதுதான் அவர் பெருமை. பிள்ளைகள் அவரைக் கிறீச் சார் என்று சொல்லும். அந்தக் கிறீச் எந்தப் பூட்ஸிலிருந்தும் வந்ததில்லை. செருப்பக்கா மதியச் சாப்பாடு கொண்டுவருகிற பழைய தோல் பையின் பிடியைத் திருகினால் வருகிற சத்தம் அது. நாடே கேட்டு மயங்கிய கிறீச்சுக்குள் ஒரு டிபன் டப்பா இருந்தது.

ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன் அவள் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்த்தாள். எல்லோரும் சத்தம் போடாத செருப்பு கேட்டு வருவார்கள். உஷ் அண்ணன் ஒருநாள் சத்தம் போடுகிற செருப்பு கேட்டு வந்தார். எந்த மாதிரி ஆளுக்கு என்று அவள் கேட்டாள். பொய் சொல்கிற ஆளுக்கு என்றார் அவர். கடைக்குள்ளேயே மூன்று ஜோடி போட்டுப் பொய் சொல்கிறவனாக நடந்து காட்டினாள். அவர் செருப்பை வாங்கவில்லை, அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த நாளில் வீட்டில் நிலைமை நன்றாக இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. இருந்தது அவளும் அவள் கணவரும்தான். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் முழுக்க அணைந்துவிட்டது. அச்சடித்த தாளையே பார்த்துப் பிழைத்த மனிதருக்கு அதற்குப்பின் என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு ம் என்பார், அதற்குமேல் வார்த்தை இல்லை. எழுந்து நடந்தாலும் காலின் முன்விரலால் தரையைத் தேடித் தேடி, பிறகுதான் பாதத்தை வைப்பார்.  ஊரார் நடையையெல்லாம் காலில் வைத்திருந்தவளுக்கு அந்த ஒரு நடையை மட்டும் காதில் வாங்க முடியவில்லை.

தொடர் ஆரம்பித்துச் சில வாரங்களில் ஒரு சாயங்காலம், தான் நடந்தது எப்படி வந்திருக்கிறதென்று கேட்பதற்காக அவள் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கொலைகாரன் யாரென்று சொல்வதற்காகக் கிறீச் சார் எல்லோரையும் கூடத்துக்கு அழைக்கிற நேரம். படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"செத்தவனோட தம்பிதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படியில் ஏறினவனும் அப்புறம் துக்கம் விசாரிக்க வந்தவனும் ஒரே ஆள்தான், நடை மாறவில்லை என்று சுவரைப் பார்த்தபடியே விளக்கம் வேறு சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. பல மாதங்களுக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய பேச்சு அது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுவாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். செருப்புக்கு அடிக்கிற ஒரு சின்ன ஆணியை எடுத்து, அந்த வாரக் கொலைகாரனுக்கு நடக்க வேண்டிய ஷூவின் இடது குதிகாலில் பாதி மட்டும் இறக்கினாள். குதிகால் விழும்போது டக் என்பதோடு ஒட்டிக்கொண்டு மெல்லிசாக இன்னொரு சத்தம் வந்தது. தெரிந்து கேட்டால்தான் கேட்கும். உஷ் அண்ணனுக்கே கேட்கவில்லை. வேலை முடிந்ததும் ஆணியைப் பிடுங்கி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர் அந்த வாரமும் சரியாகச் சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னார். கொலை செய்தவன் யாராயிருந்தாலும், ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும், தீப்பெட்டியில் இருந்த அந்த ஆணி அவர்கள் குதிகாலுக்குப் போய்வந்தது. ஒரு கதையில் கிழவி ஒருத்தி வெறுங்காலோடு வந்து கொன்றாள். செருப்பக்கா ஆணியை நூலால் தன் குதிகாலோடு கட்டிக்கொண்டு நடந்தாள். இரண்டு நாள் நொண்டினாள், கேட்டவர்களிடம் சுளுக்கு என்றாள்.

அவர் படுக்கையை விட்டு எழுந்தார். சவரம் செய்துகொண்டார். கதை ஓடும் சாயங்காலம் பக்கத்துத் தெருவிலிருந்து அவருடைய தங்கை வந்துவிடுவாள். இந்த நாத்தனாருக்கு ஒரே ஒரு துப்பறியும் முறைதான் தெரியும்: கதையில் யார் அழகாக இருக்கிறாளோ அவள்தான் கொலைகாரி. வாராவாரம் தோற்பாள். கிறீச் சார் கூடத்துக்குள் நுழைவதற்குமுன் ஆளுக்கொரு பெயர் சொல்லிவிட வேண்டும், தோற்றவர் டீ போட வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. செருப்பக்காவுக்கு விடை தெரியும் என்பதால் அவளை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. அண்ணனுக்கு டீ போட்டுப் போட்டே என் கை ரேகை அழிஞ்சுபோச்சு என்று நாத்தனார் அலுத்துக்கொள்வாள். அவர் சிரிப்பார். அந்தத் தைரியத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் போனார். வராந்தாவில் வருகிற நர்ஸ்களை நடையை வைத்தே அடையாளம் கண்டு, கூப்பிட்டு நலம் விசாரிப்பார். அங்கே எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. அவருக்கோ அது கௌரவம்.

இப்படி வருஷங்கள் ஓடின. பிறகு அந்த டாக்டர் வீட்டுக் கதை வந்தது.

அந்த வாரத் தொடக்கத்தில் இன்னொன்று நடந்திருந்தது. நடந்ததே அவளுக்கு நினைவில்லை, அதுதான் வினை. அன்று முழுக்க அவள் ஒரு துரத்தல் காட்சிக்காக ஐந்தாறு பேருக்குச் சரளையில் ஓடிவிட்டு, முழங்கால் விண்ணென்று தெறிக்க வீட்டுக்கு வந்தாள். நடைவழியில் அவர் விட்டிருந்த முக்காலியில் இடித்துக்கொண்டாள். உள்ளே வந்தால், தலைவலிக்கிறது, நீ வந்ததும் டீ குடிக்கலாமென்று இருக்கிறேன் என்றார். அவள் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"ஒரு டீ போட்டுக் குடிக்கக்கூட உங்களுக்கு ஆள் வேணுமா? எல்லாத்தையும் நானேதான் பாக்கணுமா?"

இத்தனைக்கும் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று அவரைத் தடுத்து வைத்திருந்ததே அவள்தான். கையைச் சுட்டுக்கொள்வார் என்ற பயம். அவர் போய் முக்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். சொன்னதைச் சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிட்டாள். சொல்கிறவர்களுக்கு அந்த வசதி உண்டு.

டாக்டர் வீட்டுக் கதையில் கொலைகாரர் டாக்டர்தான். அவள் பார்த்து நடந்துகொடுத்த படத்தில் அப்படித்தான் இருந்தது. கொலை நடக்கும் காட்சியில் முகம் தெரியாது. இருண்ட வராந்தா, தரையோடு தரையாக ஒரு நிழல், காலடி, அவ்வளவுதான். டாக்டரின் ஷூவில் ஆணியை இறக்கி, அந்த வராந்தாவை மிகவும் பொறுமையாக நடந்தாள். தான் நடந்ததிலேயே நல்ல நடை அதுதான் என்று அவளுக்கே தோன்றியது.

கதை ஒளிபரப்பான சாயங்காலம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வராந்தாக் காட்சியில் அவர் தலை லேசாகச் சாய்ந்தது. பிறகு டாக்டர் நோயாளியைப் பார்க்க வரும்போது அதே குதிகால். விளம்பர இடைவேளையில் நாத்தனார் டாக்டரின் மனைவி என்றாள், காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் டாக்டர் என்றார்.

கிறீச் சார் கூடத்துக்கு வந்தார். ஒவ்வொருவராக விசாரித்தார். டாக்டரைத் தாண்டிப் போனார். கதவைத் திறந்து தபால்காரரை உள்ளே கூப்பிட்டார். தபால்காரருக்கும் செத்தவருக்கும் இருந்த பழைய பகையைப் பற்றி, அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு கதையைச் சொல்லிமுடித்து, கையில் விலங்கை மாட்டிவிட்டார்.

செருப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாத்தனாரே அண்ணனுக்காகப் பரிந்துகொண்டு, இது அழுகுணி ஆட்டம், ஒப்புக்கொள்ள முடியாது என்றாள்.  அவர் லேசாகச் சிரிப்பது போலச் செய்தார்.

"சரி, காதும் போச்சு போல. இன்னிக்கு டீ நான்தான்."

எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். செருப்பக்கா பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள், நான் போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள். குற்ற உணர்ச்சியில் செய்தாள். ஆனால் அவர் உட்கார்ந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. போட்டு வைத்த பொருள் மாதிரி உட்கார்ந்தார்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனதும் உஷ் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் இதுதான். டாக்டராக நடித்தவர் வயதான, மிகப் பிரபலமான நடிகர். வாழ்நாளெல்லாம் பாசமுள்ள அப்பாவாகவே நடித்தவர். எல்லாம் முடிந்த பிறகு, தன்னைக் கொலைகாரனாகக் காட்டினால் ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். இயக்குநருக்கு மனசு இளகிவிட்டது. கடைசிக் காட்சியை மட்டும் அவசரமாக மறுபடி எடுத்து, கையில் கிடைத்த தபால்காரர் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"வசனம் மாறினா நடிகருக்குச் சொல்வாங்க. காலுக்கெல்லாம் யாரு தகவல் சொல்லுவாங்கக்கா?" என்றார் அவர்.

அவளுக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. உண்மையில் யாருமே கவனித்திருக்க மாட்டார்கள், ஒரே ஒருத்தரைத் தவிர.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் சொன்னாள். முடிவை மாற்றிவிட்டார்கள், டாக்டர்தான் கொலைகாரர், உங்கள் காது சரியாகத்தான் கேட்டது என்றாள். ஆணியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஆணியைச் சொன்னால், இத்தனை வருஷம் அவர் ஜெயித்ததெல்லாம் அவள் போட்ட பிச்சை என்றாகிவிடாதா? அந்த ஜெயிப்பை ஊன்றிக்கொண்டுதானே அவர் படுக்கையிலிருந்து எழுந்தார்?

அவர் கேட்டுக்கொண்டார்.

"அப்படியா," என்றார். 

அடுத்து வந்த நாட்களில் அவர் நடை மாறியது. மறுபடியும் முன்விரலால் தரையைத் தேடினார், சுவரில் கை வைத்தார். ஆஸ்பத்திரியில் வராந்தாவில் யார் போனாலும் பேசாமல் இருக்கிறாராம், அவர்களே வந்து வணக்கம் சொன்னால் யாரு என்று கேட்கிறாராம். நாத்தனார் அங்கே மருந்து வாங்கப் போனபோது கேள்விப்பட்டு வந்து சொன்னாள். செருப்பக்கா அவரை வற்புறுத்திக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று பரிசோதித்தவர் ஆச்சரியப்பட்டார். அவருக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. தெரிந்ததைத்தானே சொல்கிறார்கள் என்பது போல எழுந்து வந்தார்.

அங்கேதான் அவள் குழம்பிப்போனாள். காதுதான் கவலை என்றால் காது நன்றாக இருக்கிறது என்றதும் தெளிந்திருக்க வேண்டாமா?

அடுத்த வாரக் கதைக்கு அவர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். நீயே விளையாடு என்று தங்கையிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். குதிகாலில் ஆணியோடு ஒரு வங்கி மேலாளர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கேட்டுக்கொண்டிருந்த கணவர் முகத்தில் சலனமே இல்லை. நாத்தனார் தோற்றாள். தோற்றதற்காக யாரும் அவளைக் கேலிசெய்யவில்லை. அதைத் தாங்க முடியாமல் அவள் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள்.

செருப்பக்கா யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவர் கௌரவம் போகும். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். இரண்டில் எதை இழப்பது என்று வந்தபோது அவளுக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. வேண்டுமானால் என்மேல் கோபப்படட்டும், கோபப்படுகிற மனிதராவது மிஞ்சுவார் என்று முடிவுசெய்தாள்.

ஸ்டுடியோவுக்கு வார விடுமுறை நாள் காலையில் அவரை அங்கே கூட்டிப்போனாள். காவலாளியிடம் சொல்லிச் சாவி வாங்கி அறையைத் திறந்தாள். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். துணி தொங்கும் சுவர்கள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட, அறை எவ்வளவு பெரிது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாக நிற்கவைத்தாள். இது சரளை, துரத்தல் எல்லாம் இதில்தான். இது பலகை, மாடிப்படி. சாப்பாட்டுப் பையின் பிடியைத் திருகிக் காட்டினாள். கிறீச் சார் அறைக்குள் வந்தார். கணவர் புன்னகை செய்தார், ஆனால் அடுத்து என்ன என்று காத்திருக்கிறவரின் புன்னகையாக இருந்தது.

அவரை முக்காலியில் உட்காரவைத்து, டாக்டரின் ஷூவை எடுத்துவந்தாள். தீப்பெட்டியைத் திறந்து ஆணியை எடுத்து, அதே துளையில் இறக்கி, ஷூவை அவர் மடியில் வைத்தாள். 

"குதிகாலத் தொட்டுப் பாருங்க."

அவர் கட்டைவிரல் அடித்தோலில் நகர்ந்து, விளிம்பில் நின்றது.

"கொலைகாரங்களுக்கு மட்டும் இத வெச்சு நடப்பேன்," என்றாள். "ஒவ்வொரு வாரமும். நீங்க கண்டுபிடிக்கணும்னுதான். என்ன வேணா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. விரலை ஆணியின்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ சின்னதா," என்றார் கடைசியில். "இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்திலிருந்த மணல் கட்டத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ப்ரூஃப் பாத்தவன்மா நான். ஒரு தப்பு ஒரு தரம் வந்தா அது கைதவறல். எல்லாப் பக்கத்துலயும் அதே எடத்துல வந்தா யாரோ வேணும்னு வெக்கறாங்க. ஆரம்பத்துலயே தெரியும்."

தெரிந்துகொண்டே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நிறுத்திவிடுவாய் என்றார். கொலைகாரன் யாராக இருந்தால் தனக்கென்ன என்றார். அத்தனை பேர் நடக்கிற சத்தத்துக்கு நடுவில், நாடே கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் தன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறாள்; வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பாராம். இதையெல்லாம் ஷூவைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப அந்த டாக்டர் கதைக்கு ஏன் அப்படி ஒடஞ்சு போனீங்க?"

அவர் ஷூவை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அந்த வாரம்தான் கேட்டே, ஒரு டீ போடக்கூட ஆள் வேணுமான்னு. நியாயமான கேள்விதான். அப்புறம் பாத்தா ஆணி தப்பான ஆள்கிட்ட இருக்கு. சரி, இவளுக்கு அலுத்துப்போச்சு, வெளையாட்டு போதும்னு எனக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

"முடிவ மாத்திட்டாங்கன்னு வந்து சொன்னேனே."

"சொன்னே. ஆணியப் பத்திச் சொல்லல. பாதியச் சொல்லி மீதிய முழுங்கினா என்ன நெனக்கறது? சமாதானம் சொல்றான்னுதானே தோணும்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு நடிகருக்கு இமேஜ் போகக்கூடாது என்று ஒரு தபால்காரரை மாட்டிவிட்டார்கள், அந்தப் பழி கடைசியில் யார் வீட்டுக்கு வந்து விழுந்திருக்கிறது பார் என்று நினைத்தாள். முக்காலியில் இடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"எனக்கு அலுக்கலீங்க," என்றாள். "அன்னிக்குக் கால் வலிச்சுது. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். கை நீட்டி அவளைத் தேடினார். அவள் உட்கார்ந்திருந்தது தாழ்வாக இருந்ததால் கையில் அவள் தலைதான் அகப்பட்டது. அதையே கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஷூவிலிருந்து ஆணியை நகத்தால் நெம்பி எடுத்தார். சுலபமாக வரவில்லை. எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே ஆணி வேண்டாம். நெஜமாவே கண்டுபிடிக்க முடியுதான்னு பாக்கறேன். தோத்தா டீ நான்தான் போடுவேன். நடுவுல வந்து தோளப் பிடிச்சு உக்கார வெக்கக்கூடாது."

சரி என்றாள். சொல்வது சுலபமாக இருந்தது.

அடுத்த கதை ஒரு நாடகக் குழுவில் நடக்கிற கொலை. எல்லோரும் ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிற கதை வேறு. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, புருவத்தை நெரித்துக்கொண்டு கேட்டார். இடையில் யாராவது இருமினால்கூட உஷ் என்றார். இடைவேளை வந்ததும், தலையைச் சொறிந்துகொண்டு, திரை இழுக்கிறவன் என்றார். நாத்தனார் வழக்கம்போலக் கதாநாயகி என்றாள். செருப்பக்காவுக்கு விடை தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதாநாயகிதான்.

தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஜெயித்த நாத்தனாருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நான் அப்பவே சொன்னேன், நான் அப்பவே சொன்னேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்தார்.

"எனக்குச் சக்கர கொஞ்சம் தூக்கலாண்ணா," என்றாள் நாத்தனார்.

செருப்பக்கா பாதி எழுந்துவிட்டாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே தீக்குச்சி உரசுவது கேட்டது, ஒரு தடவை தவறி, மறுதடவை பற்றியது. ஒரு டம்ளர் உருண்டது, அவர் அதைப் பிடித்துவிட்டார். டப்பா திறந்தது, பக்கத்து டப்பா திறந்தது, மூடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வேலையில் கேட்பது போல, ஒவ்வொரு சத்தமாகக் கேட்டாள்.

கொஞ்சநேரத்தில் அவர் தட்டில் மூன்று டம்ளர்களோடு வந்தார். இரண்டு கையும் தட்டில் இருந்ததால் சுவரைப் பிடிக்க வழியில்லை. முன்விரல் தரையைத் தேடவில்லை. குதிகால்தான் முதலில் விழுந்தது, டக் டக் என்று, நேராக அவளிடம் வந்து நின்றது.